புன்செய்க் காட்டின் கதைஞர் ஆர். சண்முகசுந்தரம்

நுழையும்முன்

உழைப்பவருக்கு உழைப்பின் பயன் கிட்டாமற்போவது ஏன் என்னும் வினாவை உலக இலக்கியங்கள் பலவும் எழுப்பியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவலாசிரியர்கள் எழுப்பிய அவ்வினாவை, கொங்கு நாட்டுச் சிற்றூரின் வரப்பின்மேல் நின்று தமிழில் எழுப்பியவர் ஆர். சண்முகசுந்தரம். மண்ணையும் மக்களையும் மக்களின் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்த அவருடைய வாழ்வையும் எழுத்தையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

வானம் பார்த்த பூமி

மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்தது கொங்கு நாடு. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே பொழிந்துவிட்டே இப்பக்கம் வருகிறது. நொய்யல், அமராவதி, பவானி, காவிரி ஆகிய ஆறுகளின் கரைகள் நீங்கலாக, ஏனைய நிலமெல்லாம் வானம் பார்த்த பூமியே. கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளையும் இப்புன்செய் நிலத்தைக் கொங்கு மக்கள் காடு என்றே வழங்குவர். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம் எனப்படும். உழவுத் தொழிலுக்குப் பண்ணையம் என்று பெயர்.

மின்னிறைவைப் பொறிகள் பரவுவதற்கு முன்பு, ஆழ்கிணறுகளில் கவலை கட்டி, இணைமாடுகளைப் பூட்டித் தோற்பையால் நீர் இறைத்தனர். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை மனிதரும் மாடும் சேர்ந்து உழைத்தால்தான் ஒரு பாத்திக்கு நீர் பாயும். மழை பொய்த்த ஆண்டில் கிணறும் வற்றும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தின் கொடுமையைக் கொங்குப் பகுதியும் கண்டது. இத்தகைய நிலத்தில் ஒரு வள்ளம் காடு என்பது வெறும் உடைமையன்று. அதுவே சோறு, மானம், ஊரில் ஒருவருக்குள்ள இடம் ஆகிய எல்லாமும் ஆகும். நிலம் உள்ளவரின் சொல் சபையில் ஏறும். நிலம் இல்லாதவர் பிறர் வாசலில் நிற்க வேண்டும்.

இம்மண்ணில், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்துக் கீரனூர் என்னும் சிற்றூரில், 1917ஆம் ஆண்டு ஆர். சண்முகசுந்தரம் பிறந்தார். தாராபுரம் வட்டாரத்தைச் சார்ந்த அவ்வூர் இன்று திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. வறண்ட காடுகளும் பனைமரங்களும் மாட்டுப்பட்டிகளும் சூழ்ந்த அச்சிற்றூர் வாழ்க்கையே பின்னாளில் அவருடைய நாவல்களின் களமாயிற்று.

எழுத்தே தொழிலாக

1930களில் தமிழில் புதிய சிறுகதை மரபை உருவாக்கிய இதழ் ‘மணிக்கொடி’. புதுமைப்பித்தன், கு.ப. ராஜகோபாலன், ந. பிச்சமூர்த்தி முதலியோர் அவ்விதழின்வழி அறியப்பட்டவர்கள். அவர்களைவிட வயதில் இளையவரான சண்முகசுந்தரத்தின் தொடக்ககாலக் கதைகளும் அவ்விதழில் இடம்பெற்றன. மணிக்கொடி எழுத்தாளர் பலர் தஞ்சையையும் நெல்லையையும் சென்னையையும் தம் கதைக்களமாகக் கொண்டனர். கொங்கு நாட்டுச் சிற்றூரைத் தம் எழுத்தில் நிலைநிறுத்தும் பொறுப்பு இவருக்கென்றே காத்திருந்தது.

சண்முகசுந்தரம் தம் இளவல் ஆர். திருவேங்கடத்துடன் இணைந்து கோயம்புத்தூரில் பதிப்புப் பணியிலும் இதழ்ப் பணியிலும் ஈடுபட்டார். இவர்கள் நடத்திய ‘வசந்தம்’ இதழ் கொங்குப் பகுதியின் இலக்கிய முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது. சென்னையே பதிப்புலகின் தலைமையிடமாக விளங்கிய காலத்தில், தொழில் நகரமாக வளர்ந்துவந்த கோயம்புத்தூரில் இலக்கியத்தை நம்பி வாழத் துணிந்தது எளிய செயலன்று. அவர் அரசுப் பணியையோ வணிகத்தையோ நாடாமல் எழுத்தையே வாழ்க்கையாகக் கொண்டார்.

நாகம்மாள்

1942ஆம் ஆண்டு ‘நாகம்மாள்’ நாவல் வெளிவந்தது. அப்போது சண்முகசுந்தரத்துக்கு வயது 25. கு.ப. ராஜகோபாலன் முன்னுரை வழங்கிய இந்நாவல், தமிழில் வட்டார நாவல் என்னும் வகைக்குத் தோற்றுவாயாக அமைந்தது.

தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் நாவல்களில் பெரும்பாலும் கற்றறிந்த குடும்பங்களின் வாழ்வே பேசப்பட்டது. உழவர்கள் அவற்றில் தலைகாட்டினாலும் கதையின் நடுவில் நின்றது அரிது. ‘நாகம்மாள்’ அந்நிலையை மாற்றியது. எழுத்தறியாத ஓர் உழவர் குடும்பத்துக் கைம்பெண்ணை அது கதைத்தலைவி ஆக்கியது.

நாகம்மாள் கணவனை இழந்தவள். தன் மகளுடன் கொழுந்தன் சின்னப்பனின் வீட்டில் வாழ்கிறாள். சின்னப்பன் கொடியவன் அல்லன். அவன் மனைவியும் அப்படியே. அங்கே நாகம்மாளுக்குச் சோறு உண்டு. தங்க இடம் உண்டு. அவ்வீட்டில் அவளுடையது என்று சொல்ல ஒன்றுதான் இல்லை. கணவன் உயிரோடிருந்தால் பாதி நிலம் அவன் பெயரில் இருந்திருக்கும். அவன் மறைந்தபின் அந்தப் பாதி எங்கே போயிற்று என்னும் வினா அவள் நெஞ்சில் முளைக்கிறது. கெட்டியப்பன் என்னும் முரடனுடன் அவள் கொண்ட, ஊர் ஒப்பாத உறவும், குடும்பப் பிளவில் ஆதாயம் தேடுவோரின் தூண்டுதலும் அவ்வினாவுக்கு உரமிடுகின்றன. அவள் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். அக்கேள்வி குடும்பத்தைப் பிளக்கிறது. முடிவில் கெட்டியப்பனின் கையால் சின்னப்பன் உயிர் துறக்கிறான்.

இக்கதையில் ஆசிரியர் கடைப்பிடித்த நடுநிலை எண்ணத்தக்கது. நாகம்மாளை அவர் குறையற்ற நல்லவளாகத் தீட்டவில்லை. அவள் பிடிவாதக்காரி, சொல்லில் சூடு உடையவள், தன் விருப்பப்படி நடப்பவள். ஆயினும் அக்குறைகளைக் காட்டி அவளுடைய கேள்வியை அவர் தள்ளிவிடவும் இல்லை. ஒருவர் நல்லவராக இருந்தால்தான் அவருக்கு உரியதைத் தரவேண்டும் என்பது அறமாகாது. உரிமை என்பது நன்னடத்தைக்குத் தரப்படும் பரிசன்று. இவ்வுண்மையை நாவல் எவ்விடத்தும் உபதேசமாக உரைக்கவில்லை. நிகழ்ச்சிகளின் போக்கில் நம்மை உணரச் செய்கிறது.

சின்னப்பனின் சாவும் அவ்வாறே நம்மைக் கலங்கச் செய்கிறது. அவன் பாடுபட்டு உழைத்தவன்; யாரையும் வஞ்சிக்க நினையாதவன். முறை தவறிய ஏற்பாடு ஒன்றை இயல்பென ஏற்று வாழ்ந்தவன். சமூக அநீதி எப்போதும் கொடியவர் கையால் மட்டுமே நிகழ்வதில்லை. வழக்கம் என்ற பெயரில் நல்லவர் வீட்டிலும் அது குடியிருக்கும். அதற்கான விலையை, அதனை உண்டாக்காதவர்களும் செலுத்த நேர்கிறது. ‘நாகம்மாள்’ காட்டும் துயரத்தின் வேர் இதுவே.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

நாகம்மாளின் கேள்வி கற்பனைப் பாத்திரம் ஒன்றின் கேள்வி மட்டுமன்று. அக்காலத்துச் சட்டநிலையை அறிந்தால் அதன் ஆழம் விளங்கும். பாகம் பிரியாத இந்துக் கூட்டுக்குடும்பத்தில் ஆண்மகன் ஒருவன் ஆண்வாரிசு இன்றி இறந்தால், அவன் பங்கு எஞ்சிய ஆண் பங்காளிகளைச் சேர்வதே பழைய மரபு. கைம்பெண்ணுக்கு உணவும் உடையும் உறைவிடமும் அடங்கிய பராமரிப்பு உரிமை மட்டுமே இருந்தது.

> தெரியுமா?
>
> 1937: இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இறந்த கணவனின் பங்கில் கைம்பெண்ணுக்கு வாழ்நாள் அளவிலான உரிமையை வழங்கியது.
>
> 1941: இச்சட்டம் மாகாணங்களில் உள்ள வேளாண் நிலத்துக்குப் பொருந்தாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் கருத்துரைத்தது.
>
> 1947: சென்னை மாகாணம் அவ்வுரிமையை வேளாண் நிலத்துக்கும் விரிவுபடுத்தியது.
>
> 1956: இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் வரையறைக்குட்பட்ட உரிமையை முழுஉரிமை ஆக்கியது.
>
> 1989: தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பங்கு வழங்கும் சட்டத்திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

இதனால், நாவல் வெளிவந்த 1942ஆம் ஆண்டில் ஒரு வணிகரின் கைம்பெண் கணவனின் கடையில் பங்கு கேட்க இயலும். உழவரின் கைம்பெண்ணோ காட்டில் பங்கு கேட்க இயலாது. நிலம் ஒன்றே செல்வமாக இருந்த உழவர் குடும்பங்களில் அச்சட்டத்தால் பயன் விளையவில்லை. சட்டம் ஐந்தாண்டுகள் கழித்துச் செய்ததை நாவல் முன்னரே வினாவாக எழுப்பிவிட்டது. வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் சட்டத்திலும் கதவு அடைபட்ட நிலையில், முரடன் ஒருவனின் தடியைத் தவிர வேறு துணை அவளுக்குக் கிட்டவில்லை. நீதிக்கு முறையான வழி இல்லாதபோது வன்முறை அவ்விடத்தை நிரப்பிவிடும் என்பதை நாவலின் முடிவு உணர்த்துகிறது.

கடல் கடந்த ஒப்புமை

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. தொழிற்புரட்சியால் செல்வம் பெருகிய அக்காலத்தில் வறுமையும் உடன் பெருகியது. சார்லஸ் டிக்கன்ஸ் பன்னிரண்டு வயதில், கடனுக்காகத் தந்தை சிறைப்பட்ட காலத்தில், காலணி மைத் தொழிற்சாலையில் வேலைபார்த்தவர். அவர் தம் நாவல்களில் இலண்டன் மாநகரின் ஏழைச் சிறுவரையும் அரசின் ஏழைகள் விடுதியையும் காட்டினார். சிற்றூர்களின் துயரத்தை எழுதியவர் தாமஸ் ஹார்டி. 1840இல் டார்செட் பகுதிச் சிற்றூர் ஒன்றில் கல் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், தம் வட்டாரத்துக்கு வெஸ்ஸெக்ஸ் என்னும் பழம்பெயரைச் சூட்டி அதனையே தம் நாவல்களின் களமாக்கினார்.

1891இல் வெளிவந்த ஹார்டியின் ‘டெஸ்’ என்னும் நாவலின் தலைவி ஏழைக் குடும்பத்துப் பெண். பிழைப்புக்கு உதவிய ஒரே குதிரை இறந்துவிட, அவள் பிறர் வீட்டில் வேலைக்குச் செல்ல நேர்கிறது. அங்கே அலெக் என்பவனால் வஞ்சிக்கப்படுகிறாள். பனி உறைந்த காட்டில் கிழங்கு பறித்தும் கதிரடிக்கும் பொறியில் நாள்முழுதும் நின்றும் கூலி பெறுகிறாள். தந்தை இறந்தவுடன் குடியிருந்த வீட்டின் மீதான உரிமை முடிந்துபோகத் தாயும் தம்பி தங்கையரும் தெருவுக்கு வருகின்றனர். அவர்களைக் காக்கும் பொருட்டுத் தன்னை வஞ்சித்தவனிடமே திரும்பும் அவள், இறுதியில் அவனைக் கொன்று தூக்குமேடை ஏறுகிறாள்.

டெஸ்ஸும் நாகம்மாளும் இயல்பால் வேறுபட்டவர்கள். டெஸ் பொறுமையின் வடிவம். நாகம்மாள் பொறுமை இழந்தவள். எனினும் இருவர் கதைகளையும் நகர்த்தும் விசை ஒன்றே. ஆண் ஒருவன் இறந்தவுடன் காலடி மண் நழுவிவிடும் நிலை இருவருக்கும் நேர்கிறது. இரு கதைகளும் கொலையில் முடிவதும் தற்செயல் அன்று. ஹார்டி தம் தலைவியின் பக்கம் வெளிப்படையாக நின்று வாதிடுகிறார். சண்முகசுந்தரமோ சற்றே விலகி நின்று, தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

பேச்சே இலக்கியமாக

சண்முகசுந்தரத்தின் பாத்திரங்கள் ஏட்டுத்தமிழில் பேசுவதில்லை. கொங்கு மண்ணின் இழுவையும் மரியாதைச் சொற்களும் அவர்கள் பேச்சில் இயல்பாக அமைந்துள்ளன. வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் சந்தைக்கும் நோம்பிக்கும் உரிய சொற்கள் அந்தந்த இடத்தில் தாமே வந்து அமர்கின்றன. கதை கூறும் ஆசிரியரின் நடையோ எளிய பொதுத்தமிழ். இவ்விரண்டையும் பிணைத்த அவருடைய முறை, பிற்காலத்தில் வட்டார நாவல் எழுதியோர்க்கு வழிகாட்டியது.

வட்டார வழக்கை எழுதுவது நகைச்சுவைக்காகவே என்றிருந்த காலம் அது. அப்பேச்சைக் கொண்டே பெருந்துயரத்தையும் பேச முடியும் என்று அவர் காட்டினார். ஒரு மக்களின் பேச்சை இலக்கியத்தில் ஏற்பது, அம்மக்களை மதிப்புடையோராக ஏற்பதாகும். வறியவரின் துயரைப் பிறர் எடுத்துரைப்பதற்கும் அவர்களே தம் சொல்லில் உரைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவருடைய நாவல்கள் விளக்குகின்றன.

விரிந்த படைப்புலகம்

‘பூவும் பிஞ்சும்’, ‘பனித்துளி’, ‘அறுவடை’, ‘சட்டி சுட்டது’, ‘தனிவழி’ முதலியன சண்முகசுந்தரத்தின் பிற நாவல்களுள் குறிப்பிடத்தக்கவை. 1960இல் வெளிவந்த ‘அறுவடை’, முதியவர் ஒருவர் இளம்பெண்ணை மணக்க விழைவதால் விளையும் அவலத்தைப் பேசுகிறது. பெண்ணின் விருப்பம் கேட்கப்படாமலே அவள் வாழ்வு விலைபேசப்படும் கொடுமையை அது காட்டுகிறது. ‘சட்டி சுட்டது’, பிள்ளைகளுக்காகவே உழைத்த உழவர் ஒருவர் முதுமையில் அப்பிள்ளைகளாலேயே கைவிடப்படும் நிலையைச் சித்திரிக்கிறது. இங்கும் குடும்பத்துக்குள் புகுந்து உறவை அளப்பது நிலமே.

1888இல் கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை தொடங்கப்பட்டது. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் விரைந்து பெருகின. மழை பொய்த்த காடுகளை விட்டு மக்கள் ஆலைச் சங்கொலியைத் தேடி வந்தனர். அம்மாற்றத்தின் சாயலைத் ‘தனிவழி’ நாவலில் காணலாம்.

மொழிபெயர்ப்பிலும் அவர் பெரும்பணி ஆற்றினார். இந்தி மொழியறிவின் துணைகொண்டு சரத்சந்திரர் முதலிய வங்க எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழுக்குத் தந்தார். பிபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ அவற்றுள் சிறப்பானது. வங்கச் சிற்றூர் ஒன்றின் ஏழைக் குடும்பத்தில் வளரும் அப்பு, துர்க்கா என்னும் குழந்தைகளின் கதை அது. வறுமையின் நடுவிலும் குழந்தைகளின் வியப்பு மங்காமல் ஒளிர்வதைக் கூறும் அந்நாவலைத் தமிழாக்க, சிற்றூர் வாழ்வை உள்ளிருந்து அறிந்த அவரைவிடத் தகுதியானவர் அரியர்.

எழுத்தை நம்பி வாழ்ந்தவர் ஆதலால் அவர் நிறைய எழுத வேண்டியிருந்தது. அவற்றுள் எல்லாம் ‘நாகம்மாள்’ பெற்ற உயரத்தை எட்டின என்று கூற இயலாது. அவருடைய நாவல்களின் நடுவில் நிலமுடைய உழவர் குடும்பங்களே நின்றன. அந்நிலத்தில் கூலிக்கு உழைத்த, நிலமே இல்லாத மக்கள் கதையின் ஓரத்திலேயே தோன்றினர். அவர் திறந்த வழியில் பின்வந்தோர் அக்குறையை நிறைவு செய்தனர். 1975இல் வெளிவந்த கு. சின்னப்ப பாரதியின் ‘தாகம்’ கொங்கு உழைப்பாளர் வாழ்வைப் பேசியது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ ஆடு மேய்க்கும் ஒடுக்கப்பட்ட சிறுவரைக் கதையின் நடுவில் நிறுத்தியது.

நிலைத்த பெயர்

1977ஆம் ஆண்டு, அறுபதாம் வயதில் ஆர். சண்முகசுந்தரம் மறைந்தார். வாழ்ந்த காலத்தில் அவருடைய தகுதிக்கேற்ற புகழ் அவருக்குக் கிட்டியதாகக் கூற முடியாது. க.நா. சுப்ரமண்யம் போன்ற திறனாய்வாளர்கள் அவருடைய நாவல்களின் பெருமையைத் தொடர்ந்து எடுத்துரைத்தனர். இன்று ‘நாகம்மாள்’ தமிழின் சிறந்த நாவல்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

கவலைகள் மறைந்துவிட்டன. காடுகள் பல மனையிடங்களாயின. கீரனூரைச் சுற்றிய வட்டாரத்திலிருந்தும் இளையோர் பின்னலாடை நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். பெண்ணின் சொத்துரிமையும் இன்று சட்டத்தில் உறுதிப்பட்டுள்ளது. ஆயினும் சீர்வரிசை தந்தாயிற்று என்று கூறிப் பிறந்தவீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துப் பெண்கள் கையொப்பமிடும் வழக்கம் முற்றிலும் மறையவில்லை. பங்கு கேட்கும் பெண்ணை உறவை முறிப்பவளாகக் கருதும் மனநிலையும் மாறவில்லை. அந்நிலை நீடிக்கும்வரை நாகம்மாளின் கேள்விக்கு விடை கூறும் கடமை ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.

கற்பவை கற்றபின்...

1. நாகம்மாளின் பக்கமும் சின்னப்பனின் பக்கமும் உள்ள நியாயங்களைத் தொகுத்து, வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் வட்டாரத்தில் உழவு, நீர்ப்பாசனம், கால்நடை ஆகியவை தொடர்பாக முதியோர் வழங்கும் சொற்களுள் இருபதைத் திரட்டிப் பொருளுடன் அகரவரிசைப்படுத்துக.

3. பெண்களின் சொத்துரிமை குறித்த சட்டங்கள் உங்கள் ஊரில் எவ்வாறு நடைமுறையில் உள்ளன என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.